செப்டிக் டேங்க் எங்கே வைப்பது?

சென்ற செயற்குழுக் கூட்டத்தில், புதிதாகக் கிட்டங்கி கட்டவிருக்கும் உறுப்பினர்கள் சிலர், கழிவுநீர்த் தொட்டிக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஒருவர் பத்தடி போதும் என்றார். மற்றொருவர் ஒரு கிலோமீட்டர் சட்டம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று பயமுறுத்தினார். இன்னொருவர், "நம்ம இடத்துக்குள்ள நாம எங்க தோண்டினா யாரு கேட்பா?" என்றார். மூன்றுமே சரியில்லை. இந்த விஷயத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்தவர்கள், அதற்குப் பணமும் கொடுத்தவர்கள் என்பதால், எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எங்கள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆகையால் பொறியாளர் பாஷையில் இல்லாமல், கடைக்காரர் பாஷையிலேயே எழுதுகிறோம்.

எங்கள் கடை பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம். தகப்பனார் காலத்துக் கிட்டங்கி. பின்கட்டில் பழைய கழிப்பறை ஒன்றுதான் இருந்தது. சுமை தூக்குகிறவர்கள், கணக்கர்கள், சாக்குத் தைக்கிறவர்கள் என்று ஆட்கள் பெருகியதால் 1994-இல் புதிதாக இரண்டு கழிப்பறை கட்டினோம். மேஸ்திரி வந்து, "எங்க அண்ணாச்சி தோண்டட்டும்?" என்று கேட்டார். "வடக்கு மூலை சும்மாதானே கிடக்கு, அங்க தோண்டு" என்று சொன்னோம். அவ்வளவுதான் ஆலோசனை. ஏழெட்டு உறை இறக்கினார்கள். அடியில் தளம் கிடையாது. கழிவு நேரே மண்ணுக்குள் இறங்கியது. பல வருடம் அள்ளவே வேண்டியிருக்கவில்லை. நல்ல வேலைக்காரர் என்று அந்த மேஸ்திரியை நாலு பேரிடம் புகழ்ந்தும் பேசினோம்.

அள்ள வேண்டியிராத தொட்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பலசரக்குச் சில்லறை வியாபாரம் செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். நம் சங்க உறுப்பினர்தான். அவர் வீடும் கடையும் ஒரே மனை. அவருடைய கிணறு எங்கள் குழியிலிருந்து இருபத்தைந்து அடி. அந்தக் கிணற்றில்தான் அவர் குடும்பம் குடித்தது, எங்கள் கிட்டங்கி ஆட்களும் குடித்தார்கள். 2018 கோடையில் ஒரு நாள் காலையில் அவர் வந்து, "அண்ணாச்சி, தண்ணியில ஒரு வாடை வருது, நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்றார். கோடைக்காலம், தண்ணீர் அடிக்குப் போயிருக்கும், பாசி வாடையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த மாதமே அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும், எங்கள் ஆட்களில் மூவருக்கும் வயிற்றுப்போக்கு. சின்னப் பிள்ளையை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் சண்டைக்கு வரவில்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. அங்கே தண்ணீரைக் கொடுத்து, வந்த தாளை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். குடிதண்ணீரில் நூறு மில்லிலிட்டருக்கு ஒரு கோலிஃபார்ம் கிருமி கூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தாளில் மலக்கிருமி இருக்கிறது என்று எழுதியிருந்தது. சுற்று வட்டாரத்தில் வேறு குழி கிடையாது. எங்களுடையதுதான்.

இனி விதிக்கு வருவோம்.

முதலில் ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். செப்டிக் டேங்க் வேறு, உறிஞ்சு குழி வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். செப்டிக் டேங்க் என்பது அடியும் சுவரும் பூசிய, தண்ணீர் கசியாத பெட்டி. அதில் கழிவு தங்கி, கனமானது அடியில் படிந்து, காற்றில்லாமல் மக்குகிறது. தெளிந்தாற்போல் மேலே நிற்கும் நீர் குழாய் வழியே வெளியேறும். பார்வைக்குத்தான் அது தெளிவு. கிருமி அதில் அப்படியே இருக்கும். அந்த நீரை மண்ணுக்குள் விடுகிற இடம்தான் உறிஞ்சு குழி, அல்லது நீளவாக்கில் கல் பரப்பித் தோண்டும் சிதறல் பள்ளம். எங்கள் வீட்டு வேலைக்கு 1994-இல் மேஸ்திரி கட்டியது செப்டிக் டேங்கே அல்ல. டேங்க் இல்லாத வெறும் உறிஞ்சு குழி. செப்டிக் டேங்க் என்று பெயர் மட்டும் வைத்திருந்தோம். சரக்கு ஒன்று, சீட்டு ஒன்று.

இந்தியத் தர நிர்ணயத்தில் 2470 என்ற எண் இதற்கானது. முதல் பகுதி டேங்க் கட்டுவதைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி, வெளியேறும் நீரை என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. தேசியக் கட்டட நெறித்தொகுப்பிலும் இதே அளவுகளைக் காணலாம். உறிஞ்சு குழியோ சிதறல் பள்ளமோ, குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய அறுபது அடி. ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர், அதாவது இருபது அடிக்குக் குறையக் கூடாது. முதல் அளவு கிருமிக்காக. இரண்டாவது அளவு அஸ்திவாரத்துக்காக.

அது ஏன் 18 மீட்டர் என்று நாங்களும் கேட்டோம். எங்கள் பேரன் பொறியியல் படிக்கிறவன், விளக்கினான். கிருமியுள்ள நீர் மண் துகள்களுக்கு இடையில் மெதுவாக நகர்கிறது. நகரும்போது மண் சல்லடை போலச் சலிக்கிறது. நாளாக நாளாகக் கிருமிகளும் இரையில்லாமல் சாகின்றன. தூரம் என்பது உண்மையில் காலத்துக்கு வைத்த பெயர். ஆகவே நீர் மெதுவாக நகரும் மண்ணில்தான் அந்த அறுபது அடி அறுபது அடியாக வேலை செய்யும். வெடிப்புப் பாறையும் சுண்ணாம்புக் கல்லும் உள்ள பூமியில் நீர் குழாயில் போவது போல வெகுதூரம் போய்விடும், அங்கே உறிஞ்சு குழியே கூடாது என்று அந்த நெறித்தொகுப்பு சொல்கிறது.

நம்முடையது கரிசல். கரிசலின் குணம் நமக்குத் தெரியாததா? மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். ஈரமாயிருந்தால் தண்ணீரை உள்ளே விடாது. பிளந்திருந்தால் தடுக்காது. எங்கள் குழியிலிருந்து கிணற்றுக்குக் கோடையில் வாடை போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறோம். சுவர்களுக்கும் இதே கதி. குழிப் பக்கத்து மண் எப்போதும் ஊறியபடி, மறுபக்கம் காய்ந்தபடி இருந்தால், கட்டடம் ஒரு பக்கம் மேலெழும்பும். எங்கள் வடக்குச் சுவரில் மூலைவாட்டில் ஓடிய விரிசலைச் சிமெண்ட் வைத்து எத்தனை முறை பூசியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. கொத்தனாரைத் திட்டினோமே தவிர குழியைச் சந்தேகிக்கவில்லை.

2022-இல் பழைய கிட்டங்கியை இடித்துவிட்டு, கீழே பன்னிரண்டு கடையும் பின்னால் கிட்டங்கியுமாகக் கட்ட முடிவு செய்தோம். பங்காளிகள் நாலு பேர். மனை, தெருமுகம் அறுபதடி, உள்நீளம் நூற்று நாற்பதடி. எங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை வரவில்லை. ஆகவே டேங்க் கட்டாயம். வரைபடம் போட்ட பொறியாளர் வழக்கப்படி பின் மூலையில் ஒரு கட்டம் வரைந்து 'செப்டிக் டேங்க்' என்று எழுதியிருந்தார். பங்காளிகளுக்கு அதில் சம்மதம். யார் கண்ணிலும் படாத இடம், வாடகைக்கு விடும் இடத்தைத் தின்னாத இடம்.

இம்முறை நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. பதினெட்டு மீட்டர் கயிறு ஒன்று வெட்டிக்கொண்டு, இரண்டு ஆட்களோடு மனைக்குப் போனோம். கயிற்றின் ஒரு நுனியைப் பக்கத்துத் தம்பியின் கிணற்று மேட்டில் பிடிக்கச் சொல்லி, மறுநுனியோடு எங்கள் மனைக்குள் வளைந்து வந்து, காலடியில் சுண்ணாம்புத் தூள் போட்டோம். பாதி மனை வட்டத்துக்குள் போய்விட்டது. அடுத்து, எங்கள் சொந்தப் போர்வெல். அது தென்கிழக்கே, பின்பக்கம். அங்கிருந்தும் ஒரு வளைவு. பொறியாளர் வரைந்த கட்டம் அந்த வளைவுக்குள் போர்வெல்லிலிருந்து பதினைந்தடியில் இருந்தது. அதாவது நம் கழிவை நாமே குடிக்கும் ஏற்பாடு. மூன்றாவதாகக் கட்டப்போகும் சுவர்களிலிருந்து இருபதடி தள்ளிக் கோடு போட்டோம். எல்லாக் கோட்டுக்கும் வெளியே மிஞ்சியது, தெருவாசல் ஓரம் தெற்கே பிறை போல் ஒரு துண்டு. சரக்கு லாரி நிற்கும் இடம்.

அன்று பங்காளிகளுக்குள் நடந்ததை முழுவதும் எழுத முடியாது. வாசலில் லாரி நிற்காத மண்டிக்கு எவன் வாடகைக்கு வருவான் என்று மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு லாரி நிற்கும் இடம் நம் தொழிலில் ஒரு கடைக்குச் சமம். "அடுத்தவன் கிணத்துக்காக நம்ம வாசலைக் கொடுக்கணுமா?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து 2018-ஆம் வருடத்துப் பரிசோதனைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தோம். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "சரி, மண்ணையாவது பார்த்துட்டுத் தோண்டுங்க" என்றார்.

மண் பார்ப்பது எளிது. எவரும் செய்யலாம். நீர் விடப்போகும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி, சாண் அகலம் போதும், தோண்டிக்கொள்ள வேண்டும். பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் கொஞ்சம் பொடிக்கல் போட்டு, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் மறுபடி தண்ணீர் விட்டு, ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். அரை மணிக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி ஆகும். அரை மணிக்கு மேல், ஒரு மணிக்குள் என்றால் சிதறல் பள்ளம்தான் ஆகும். ஒரு மணியும் தாண்டினால் அந்த மண்ணுக்கு இரண்டுமே ஆகாது. எங்கள் வாசல் மண்ணில் காலையில் விட்ட தண்ணீர் மத்தியானம் வரைக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. தோண்டியிருந்தால் ஆறு மாதத்தில் குழி நிரம்பி வாசலில் வழிந்திருக்கும். கரிசலில் கட்டும் உறுப்பினர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓர் உறைகூட வாங்க வேண்டாம்.

பிறகு என்ன செய்தோம்? இப்படிப்பட்ட மண்ணுக்கு மேல்நோக்கு வடிகட்டி என்று ஒரு முறை இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் நீர், பக்கத்தில் உள்ள இன்னொரு மூடிய தொட்டியின் அடியில் நுழைந்து, கல் நிரப்பிய அடுக்கின் வழியே மேலேறி வருகிறது. கல்லில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கின் பெரும்பகுதியைத் தின்கின்றன. மேலே வரும் நீரைத் தெரு வடிகாலில் விடலாம், மரங்களுக்குப் பாய்ச்சலாம். வடிகாலில் விடுவதற்கு நகராட்சி அனுமதி எழுத்தில் வேண்டும். நாங்கள் வாங்கினோம். இரண்டு தொட்டியும் கசியாதவை என்பதால், உறிஞ்சு குழி அளவுக்குக் கண்டிப்பான தூரம் அவற்றுக்குச் சொல்லப்படவில்லை. என்றாலும் எந்தத் தொட்டியும் முப்பது வருடம் கழித்துக் கசியாது என்று யாரும் பத்திரம் எழுதித் தரப்போவதில்லை. ஆகவே தூரத்தையும் விட்டுவிடாமல், கயிறு காட்டிய அந்தப் பிறைத் துண்டிலேயே வைத்தோம். வடக்குப் பக்கம் கிணற்றை ஒட்டி ஒரு குழாய்கூடப் போகவில்லை.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஆளுக்குக் குறைந்தது 85 லிட்டர், உள்ளகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நீர் மட்டத்துக்குக் கீழே ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல், நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காவது, என்பது நெறித்தொகுப்பு. எங்கள் பன்னிரண்டு கடைக்கும் கிட்டங்கிக்கும் சேர்த்து நாற்பது பேர் என்று வைத்தோம். 3400 லிட்டர். அகலம் 1.2 மீட்டர், நீளம் 2.6 மீட்டர், நீராழம் 1.1 மீட்டர், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் வெற்றிடம். இதைவிடப் பெரிதாகக் கட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். இடம் இருந்தால் கட்டலாம். காற்றுக்குழாயை மட்டும் மறக்க வேண்டாம். டேங்க் கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருந்தால் குழாய் 2 மீட்டர் உயரம் போதும். அதைவிட நெருங்கியிருந்தால் மாடியின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும். நம் கடைவீதியில் எல்லாமே நெருக்கம்தான். ஆகவே உச்சிக்கு மேலேதான். மல்லியும் சீரகமும் வைத்திருக்கும் கிட்டங்கி ஜன்னலுக்கு நேராகக் குழாயை முடித்த ஒருவர், சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்று எங்களிடம் கேட்டதுண்டு.

இனி, எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடும் ஓர் இடம். தொட்டியை மறைவாக வைக்க வேண்டும் என்ற ஆசையில், கிட்டங்கித் தளத்துக்கு அடியிலேயே கட்டிவிட்டு, மேலே மூட்டை அடுக்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அடிமண்டியை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் மண்டி மேலேறி, வெளியேறும் நீரோடு கலந்து, வடிகட்டியும் குழியும் அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் லாரி உள்ளே வர முடியாமல், குழாய் எட்டாமல் போனால் என்ன நடக்கும்? எவனாவது ஓர் ஏழையை வாளியோடு உள்ளே இறக்குவார்கள். தொட்டிக்குள் நிற்கும் வாயு ஆளை மூச்சு இரண்டு இழுப்பதற்குள் சாய்த்துவிடும். தூக்கப் போகிறவனும் கூடவே விழுவான். ஒருவர் இறங்கி இருவர் மூவர் செத்த செய்தியைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுநீர்த் தொட்டியை இப்படி ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வதையே குற்றம் ஆக்கியது. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. கான்ட்ராக்டர்தான் ஆளை அனுப்பினார், எனக்குத் தெரியாது என்பதெல்லாம் நிற்காது. ஆகவே தூர விதிகளில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். லாரி நிற்கும் இடத்திலிருந்து மேன்ஹோல் மூடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாசலோரம் வைத்ததில் அந்த ஒரு லாபம் தானாகவே கிடைத்தது.

ஆனால் சரக்கு லாரி அதன் மேல் ஏறிவிடக் கூடாதே. பாரம் ஏற்றிய லாரியைத் தாங்கும்படி தொட்டிமூடியைத் தனிக் கம்பிக்கணக்கில் போட்டால் ஏறலாம். அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சுற்றிலும் கருங்கல் நட்டு, லாரி ஒன்று நிற்கும் இடத்தை விட்டுக்கொடுத்தோம். மூத்த பங்காளி இன்றும் அந்தக் கற்களைத் தாண்டும்போது ஒரு பெருமூச்சு விடுவார். வாடகையில் எங்களுக்கு அது குறைவுதான், இல்லை என்று சொல்ல மாட்டோம்.

அந்த ஒரு கிலோமீட்டர் சட்டத்தையும் விளக்கிவிடுகிறோம், உறுப்பினர்கள் வீணாகப் பயப்பட வேண்டாம். 1989 மார்ச் 30-இல் தமிழக அரசு வெளியிட்ட 213-ஆம் எண் ஆணை அது. ஆறு, ஓடை, அணை முதலியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு உண்டாக்கும் தொழிற்சாலைகளைப் புதிதாக அமைக்கக் கூடாது என்பது சாரம். வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், இந்த ஆணையைக் கண்டிப்பாக நிறைவேற்றச் சொன்னது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. பாலாற்றங்கரைக் கிணறுகளும் நிலங்களும் கெட்ட பிறகு வந்த தீர்ப்பு. அது சாயப்பட்டறை, தோல் ஷாப் போன்றவற்றுக்கு. பன்னிரண்டு கடையின் கழிப்பறைக்கு அல்ல. ஆனால் உறுப்பினர் யாராவது கிட்டங்கியை விட்டு அப்படிப்பட்ட தொழிலில் முதல் போடுவதாக இருந்தால், மனை வாங்கும் முன்பே ஆறு எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும். இயந்திரம் வந்திறங்கிய பிறகு ஆற்றைத் தள்ளி வைக்க முடியாது.

நமக்குப் பொருந்துவது வேறு. கண்மாய், குளம், ஓடை, வாய்க்கால் இவற்றிலிருந்து 15 மீட்டருக்குள் கட்டடம் வந்தால், அதன் கழிவு நீர்நிலையில் கலக்காதபடி தடுப்பது கட்டுகிறவர் பொறுப்பு என்று மாநிலக் கட்டட விதிகள் சொல்கின்றன. கண்மாய்க் கரையோரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மனை வாங்கும் நண்பர்கள் கவனிக்கவும். கடற்கரை ஊர் உறுப்பினர்களுக்கு இன்னொரு விதி கூடுதல். 1991-இல் தொடங்கி, 2011-இலும் 2019-இலும் திருத்தி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஊரைப் பொறுத்து அளவுகள் மாறும். ஆகவே மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே ஒரு கடப்பாரை விழக் கூடாது. பெரிய வணிக வளாகம், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி முன் அனுமதியும், முறையான சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். அவர்கள் எங்கள் கட்டுரையை நம்பி இருக்கப்போவதில்லை.

இன்னொரு குழப்பம். மனையைச் சுற்றி விடும் பக்க இடைவெளி, பின் இடைவெளி எல்லாம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும். அது வேறு கணக்கு. வரைபட அனுமதி கிடைத்துவிட்டது என்றால் கிணற்றுத் தூரமும் சரியாகிவிட்டது என்று பொருள் இல்லை. அனுமதி கொடுப்பவர் முன்னால் இருக்கும் தாளில் நம் மனை மட்டும்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் கிணறு அந்தத் தாளில் வராது. அதைப் போய்ப் பார்த்து, நாமே வரைந்து கொடுத்தால்தான் உண்டு. எங்கள் பொறியாளர் தவறு செய்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பழைய குழியை மூடும் வேலையும் நம் தலையில்தான். லாரி வைத்து முழுவதும் உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பு போட்டு, மண்ணும் மணலும் அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கினோம். உள்ளே ஆள் இறங்கவில்லை. மேலே தளம் போட்ட இடத்தில் இப்போது வேப்பங்கன்று நிற்கிறது.

பக்கத்துத் தம்பிக்கு நகராட்சிக் குடிநீர் இணைப்பு எங்கள் செலவில் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுக்கப் போனோம். அதை அவர் வாங்கவில்லை. "பிள்ளை நல்லா இருக்கான், விடுங்க அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. குழி மூடிய பிறகு கிணற்றுத் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதனைக்குக் கொடுத்து வருகிறோம். கிருமி முதலில் குறைந்தது. கடைசியாக வந்த இரண்டு தாளிலும் இல்லை. இருந்தும் அவர் அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கவும் தென்னைக்கும்தான் எடுக்கிறார். குடிக்கச் சொல்லி நாங்களும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பதினெட்டு மீட்டர் கயிறு இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஆறு மீட்டரில் சிவப்புத் துணி முடிச்சு போட்டிருக்கிறோம். கட்டவிருக்கும் உறுப்பினர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். கூடவே மனை வரைபடத்தின் நகல் ஒன்றைக் கொண்டுவந்தால், சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் அலுவலகத்தில் இருக்கிறோம், சேர்ந்து பார்க்கலாம். வரும்போது பக்கத்து மனைகளில் கிணறும் போர்வெல்லும் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரவும்.